மூன்றாம் ஓலையை நான் வாசித்தேன்

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு தாளை வீணாக்கினேன். ஜெராக்ஸ் மெஷினின் மூடியைச் சாத்தாமலே பட்டனைத் தட்டிவிட்டேன். வெளியே நம் மூஞ்சிக்கல் கடைத்தெரு முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது, கை விறைத்துப் போயிருந்தது, புத்தி எங்கோ இருந்தது. முழுக்கக் கறுப்பாக ஒரு தாள் சுடச்சுட வந்து விழுந்தது. கசக்கி எறியத்தான் எடுத்தேன். அந்தச் சூடும் மை வாசனையும் கையில் பட்டதும் எறிய மனசு வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரே உன் ஸ்டூல் இருக்கிறது. இப்போது அதில் தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

நீ இருந்திருந்தால் அந்தத் தாளை என் கையிலிருந்து பிடுங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தில்லியில இருந்து பதில் வந்திருச்சாக்கும்?" என்று கேட்டிருப்பாய். நானும் சிரித்திருப்பேன். கடையில் தனியாக உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டால் பேருந்துக்கு நிற்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியமே வரவில்லையே. ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கினால் என் கடை, கடையிலிருந்து ஏறினால் உன் வீடு. நான் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வீட்டில் பிறந்து, இந்தக் குளிருக்கு வாக்கப்பட்டு வந்தவள். நீ கடல் தாண்டித் திரும்பி வந்த தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பெண். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாகிவிட்டாய். என் தலைப்பிரசவத்தில்தான் உன்னை முதலில் பார்த்தேன். நான் ஊரைக் கூட்டிக் கத்தியபோது நீ என் முகத்துக்கு நேரே குனிந்து, "இந்த மூச்ச எல்லாம் கீழ்ப்பக்கம் அனுப்புனா வெரசா வீட்டுக்குப் போகலாம், வெளங்குதா?" என்றாய். மனசுக்குள் உன்னைத் திட்டாத திட்டில்லை. மறுநாள் காலையில் ஒரு தகரப் பேணியில் காபி கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்தாய். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பிறகு நிற்கவே இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உனக்கு ஓய்வு கிடைத்தது, உன் போனுக்குக் கிடைக்கவில்லை. பூம்பாறை, வடகவுஞ்சி என்று மலை முழுக்க இருந்த தாய்மார்களிடம் உன் நம்பர் இருந்தது. பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது என்றால் படம் எடுத்து உனக்கு அனுப்புவார்கள். தொடையில் தடிப்பு, முதுகில் கொப்புளம், நாக்கில் புண், கழிந்த மலத்தின் நிறம் எல்லாம் வரும். நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அதை நீட்டுவாய். "ஏண்டி, எனக்கு எதுக்கு இந்தக் காட்சி?" என்று முகத்தைத் திருப்புவேன். "நல்ல மஞ்சக் கலருதான். பயமில்ல," என்று அந்தத் தாய்க்கும் எனக்கும் சேர்த்துப் பதில் சொல்வாய். கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். எது பேருந்து பிடிக்க வேண்டிய நோய், எது வீட்டிலேயே ஆறும் நோய் என்று படத்தைப் பார்த்துச் சொல்வதுதான் நீ எடுத்துக்கொண்ட வேலை. யாரும் உன்னை அதற்கு நியமிக்கவில்லை.

பஞ்சவர்ணத்தின் படம் வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பூம்பாறையில் பூண்டுக் காடு வைத்திருக்கிறாளே, அவள்தான். மடியில் கைக்குழந்தை, ஆண் பிள்ளை. படத்தைப் பார்த்ததும் நீ டம்ளரைக் கீழே வைத்தாய். பிள்ளையின் இடுப்புக்குக் கீழே, தொடை சேரும் இடத்தில் ஒரு வீக்கம். உடனே போன் போட்டாய்.

"வாந்தி எடுத்தானா?"

"காலையில இருந்து எடுக்கான் நர்ஸம்மா. சூடு புடிச்சிருக்கும்னு எங்க மாமியா சொல்லுது."

"சூடு இல்ல. குடல் இறங்கி மாட்டிக்கெடக்கு. பால் குடுக்காத. எந்த ஜீப்பு முதல்ல வருதோ அதுல ஏறு. பூண்டு மூட்டை மேல உக்காந்தாவது வா."

அவள் வந்தாள். பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்துதான் வந்தாள். பிள்ளையை அன்றே கீழே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுவை செய்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக நீ வந்து சொன்னாய். சொல்லிவிட்டு வழக்கம்போல என் டீயில் பாதியைக் குடித்தாய்.

அந்தப் படத்தால்தான் அந்தப் பிள்ளை பிழைத்தான். அதே மாதிரிப் படம் இனிமேல் குற்றமாகிவிடுமோ என்ற பயம்தான் பிறகு நம்மை அந்தப் பாடு படுத்தியது.

புதிதாக ஒரு சட்டம் வரப்போகிறது என்று செய்தித்தாளில் வந்தது. போனில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் படத்தையும், அது போய்ச் சேரும் முன்பே ஒரு கம்ப்யூட்டர் பார்க்கும். பிள்ளைகளை அசிங்கமாகப் படமெடுத்து அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்காக என்று சொன்னார்கள். நீ அந்த நோக்கத்தை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. "அந்தப் பாவிகளப் பிடிக்கட்டும். அவனுக சீரழிச்ச பிள்ளைகள இந்தக் கையால துடைச்சிருக்கேன் நான்," என்றாய். ஆனால் ஒரு தாய் எடுத்த படத்துக்கும் ஒரு பாவி எடுத்த படத்துக்கும் வித்தியாசம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா என்பது உன் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இங்கே ஆளில்லை.

பதில் தெரியாத இடத்தில் வதந்தி குடியேறிவிடும். யாரோ ஒருவன் குரல் செய்தி ஒன்றைக் கிளப்பிவிட்டான். பிள்ளைகளைத் துணியில்லாமல் படமெடுத்து அனுப்பினால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான். பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் அவள் போனிலிருந்த பிள்ளை படங்களையெல்லாம் அழித்துவிட்டார், குளிப்பாட்டும்போது எடுத்தது, தொட்டிலில் கிடப்பது என்று ஒன்று விடாமல். உன் போன் சத்தமில்லாமல் கிடந்தது. அதை நீ எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாய்.

பிறகு வடகவுஞ்சியிலிருந்து ஒரு தாய் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தொடையில் வெந்நீர் கொட்டிய புண். படம் அனுப்பப் பயந்து, மஞ்சளையும் எதையெதையோ குழைத்து அப்பி வைத்து, சீழ் பிடித்த பிறகு கொண்டுவந்திருந்தாள். அந்தப் புண்ணைக் கழுவிவிட்டு நேராக என் கடைக்குத்தான் நீ வந்தாய். முந்தானையில் டெட்டால் வாசனை அடித்தது. "நான் பாத்திருந்தா பச்சத் தண்ணியில நனை, ஒண்ணும் அப்பாதேன்னு சொல்லியிருப்பேன். ஒரே ஒரு படம்டி," என்றாய். அன்றைக்கு என் டீயை நீ தொடவில்லை.

அன்று நீ கையோடு ஒரு செய்தித்தாள் துண்டு கொண்டுவந்திருந்தாய். அந்தச் சட்டத்தின் முன்வரைவு நிற்குமா நிற்காதா, மக்களின் அந்தரங்க உரிமையை அது தொடுகிறதா என்று அரசாங்கத்தின் சட்ட அதிகாரிகளே எழுத்தில் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அதை வெளியிடவில்லை என்று அதில் இருந்தது. "அந்தக் கருத்து எனக்கு வேணும். தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாமாம். டைப் பண்ணு," என்றாய்.

நான் உன்னை ஏற இறங்கப் பார்த்தேன். "ஒனக்கு எதுக்குடி இந்தச் சோலி? பெரிய பெரிய வக்கீலுக எல்லாம் என்ன செய்றாங்க?"

"அவங்களும் கேப்பாங்க. நானும் கேக்குறேன். ஓலை வாசிக்காம கல்யாணம் நடக்குது, அதப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நீ சொன்னதைத்தான் இன்று வரை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார்கள். அதற்குக் கல்யாண ஓலை என்று பெயர். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் முடிப்பார்கள். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். எனக்குத் தெரியாதது உன் ஓலையின் கதை. உனக்கும் ஒரு காலத்தில் ஓலை வாசித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஏதோ ஓட்டலில் சமையல்காரர், பார்க்க லட்சணமானவர், உனக்கும் பிடித்திருந்தது. முதல் ஓலைக்கு ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் ஓலைக்கும் இல்லை. மூன்றாவது ஞாயிறு ஓலை வாசித்து முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இடுப்பில் பிள்ளை. வத்தலகுண்டு பக்கமிருந்து வெள்ளனே பேருந்து ஏறி வந்திருக்கிறாள். "தடை இருக்குங்க சாமி. அவரு எம் புருசன்," என்றாள்.

"அந்த மூணாவது ஓலைய வாசிக்காம விட்டிருந்தா?" என்று என்னைக் கேட்டாய். "முதல் ஓலை காதுல விழும். ரெண்டாவது ஓலை ஒவ்வொரு வீடாப் போகும். மூணாவது ஓலைக்குத்தான் ஆளுக்கு வாய் வரும். ரெண்டு பேரு சேந்து வாழுறதுக்கே இவ்வளவு கேக்குறாங்க. நாடு பூரா தலையில கட்டுற சட்டத்துக்கு ஒரு ஓலை வேணாமா?" நீ கல்யாணமே செய்துகொள்ளாதது ஏன் என்று ஊரில் என்னென்னவோ பேசுவார்கள். கிறிஸ்துமஸுக்கு வருஷம் தவறாமல் வத்தலகுண்டுக்கு நீ கேக் அனுப்புவது யாருக்கு என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

டைப் செய்தேன். நீ சொன்னபடியே அடித்திருந்தால் நம் இருவரையும் உள்ளே வைத்திருப்பார்கள். பாதியை அழித்துவிட்டு, மரியாதையாக மாற்றி, உன்னிடம் வாசித்துக் காட்டினேன். "உப்புச் சப்பில்லாம இருக்கு," என்றாய். ஆனாலும் ஒப்புக்கொண்டாய்.

பதில் மெயிலில் வந்த நாளைத்தான் இன்றைய கறுப்புத் தாள் கிளறிவிட்டது. பிரிண்ட் கொடுத்தேன். முதல் தாளில் தலைப்பு, கீழே பாதிக்கு மேல் கறுப்பு. இரண்டாம் தாளில் வரிக்கு வரி பட்டை பட்டையாகக் கறுப்பு. மூன்றாம் தாள் முழுக்கக் கறுப்பு. "போச்சு, டிரம் போச்சு!" என்று நான் அலறினேன். மெஷினைத் திறந்து, டோனரை உருவி, துணியால் துடைத்து, மூக்கெல்லாம் மையாகி, மறுபடி பிரிண்ட் கொடுத்தேன். மறுபடியும் கறுப்பு. திண்டுக்கல் மெக்கானிக்குப் போன் போட்டு, போன வாரம்தானே சர்வீஸ் செய்தாய், என்ன லட்சணத்தில் செய்தாய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த மனிதர் பாவம், "அக்கா, கம்ப்யூட்டர்ல எப்படித் தெரியுதுன்னு பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பார்த்தேன். கம்ப்யூட்டரிலும் கறுப்பு. அனுப்பும்போதே அவர்கள் கறுப்படித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

இத்தனை நேரமும் நீ ஸ்டூலில் உட்கார்ந்து, என் மூக்கைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். சிரிப்பு போய்விட்டது. "ஓலைய வாசிச்சுட்டு மாப்பிள்ள பேர மட்டும் மறைச்ச மாதிரி இருக்கு," என்றாய். "அப்பீல் போடு."

போட்டோம். அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு ஒன்று. அவரும் முடியாது என்றார். பிறகு தில்லியில் தகவல் ஆணையத்துக்கு ஒன்று. அது போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, நம் முறை வருவதற்குள் பூம்பாறையில் பூண்டு போட்டு எடுத்து மறுபடி போட்டுவிட்டார்கள். உன் நெஞ்சுக்குள் கோளாறு என்று டாக்டர் சொன்னதும் அந்த இடைவெளியில்தான். "எனக்கு இதயம் பெருசாம்டி. படமெடுத்துப் பாத்துச் சொல்லிட்டாங்க. நீதான் நம்பமாட்ட," என்று அதையும் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். மேட்டில் ஏறும்போது மட்டும் நடுவில் நின்று, ஏரியைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வாய். நானும் கூடவே நின்று ஏரியைப் பார்ப்பேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது, என் கடைக் கம்ப்யூட்டரில். நீ கிறிஸ்துமஸ் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாய். "தோளுக்கு மேலதான் தெரியும், இதுக்கு எதுக்குப் பட்டு?" என்றேன். "கட்டியிருக்கேன்னு எனக்குத் தெரியுமில்ல?" என்றாய். வெளியே மழை. கரண்ட் போய்விடுமோ என்று பேட்டரி வயரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். எதிர்த்தரப்பு அதிகாரி இந்த அம்மா வக்கீலும் இல்லை, பத்திரிகைக்காரரும் இல்லை, இந்த ஆவணம் இவருக்கு எதற்கு என்று இங்கிலீஷில் கேட்டார். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. அதைத் தாளில் பெரிதாக எழுதி உன் முன்னால் வைத்திருந்தேன். நீ அதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உன் மிஷன் இங்கிலீஷில், "வில் ரீட், சார்," என்றாய். கொஞ்சம் நிறுத்தி, "அலவுட்," என்று சேர்த்தாய். வாசிப்பாயாம், அதுவும் சத்தமாக!

ஆணையர் சிரித்தாரா, இல்லை நெட் தடைப்பட்டு முகம் அப்படியே நின்றுவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பல் தெரிய ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தார். ஆனால் உத்தரவு நமக்குச் சாதகமாக வந்தது. ஓரிரு இடம் தவிர மற்றதையெல்லாம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் முறை பிரிண்ட் எடுத்தபோது தாள்கள் வெள்ளையாக வந்தன. வரி வரியாக எழுத்து. நீ ஒரு தாளை எடுத்து முகர்ந்து பார்த்தாய். எனக்கு அழுகை வந்தது, மை பட்டுக் கண் எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு நாம் இருவரும் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினோமே, அந்த மத்தியானங்களை நான் யாருக்கும் தரமாட்டேன். அகராதி ஒரு பக்கம், வறுத்த கடலை ஒரு பக்கம். ஒரு வரிக்கு மூன்று தமிழ் போட்டுப் பார்ப்போம். "இது எங்க பஞ்சவர்ணத்துக்கு வெளங்குமா?" என்று கேட்பாய். விளங்காது என்றால் அடித்துவிட்டு மறுபடி. அதில் இருந்த விஷயம் ஒன்றும் பூதமில்லை. எந்தச் சந்தேகமும் இல்லாத ஜனங்களின் செய்திகளையும் மொத்தமாகப் பரிசோதிப்பது அந்தரங்க உரிமையைக் கட்டுப்படுத்தும், அதற்குப் போதுமான காரணத்தை முன்வரைவு காட்டவில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். சிகிச்சைக்காக அனுப்பும் படங்களுக்குத் தெளிவான விலக்கு இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். உன் கேள்வியைத் தில்லியில் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அதைத்தான் கறுப்படித்து வைத்திருந்தார்கள். இன்றைய தேதியில் அப்படி ஒரு சட்டம் நடப்பில் இல்லை என்பதும் அதில் தெளிவாக இருந்தது. தாய்மார்களுக்கு முதலில் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.

அதற்குள் முன்வரைவைத் திருத்தி மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். நம் தமிழாக்கத்தை மூன்று ஓலையாக வாசிக்க அதுதான் நேரம்.

முதல் ஓலை உங்கள் கோயில் வளாகத்தில். பூசைக்கு நடுவில் வாசிக்கச் சாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "உள்ள கல்யாணத்துக்கு மட்டும்தான் நர்ஸம்மா. வாசல்ல நின்னு என்ன வேணா வாசிங்க, மைக் தரேன்," என்றார். வாசித்தாய். பாதிப் பேர் நின்றார்கள், மீதிப் பேர் கறிக்கடை வரிசைக்கு ஓடினார்கள். கடைசியில், "இதுக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லக் கடமைப்பட்டிருக்காங்க," என்று முடித்தாய். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபம். உனக்கு இல்லை. "காதுல விழுந்திருக்கு, போதும்."

இரண்டாம் ஓலை பூம்பாறையில், பெண்கள் பூண்டு தரம் பிரிக்கும் கொட்டகையில். பூண்டுச் சருகு பறந்து உனக்குத் தும்மல் வந்தது. கை வேலையை நிறுத்தாமல் கேட்டார்கள். பஞ்சவர்ணம் மட்டும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அங்கேயும் யாரும் பேசவில்லை. ஆனால் நாம் ஜீப்புக்கு நடந்தபோது பின்னாலேயே ஓடி வந்து, "நர்ஸம்மா, அப்ப இப்ப அனுப்பலாம்ல?" என்று கேட்டாள். "தாராளமா," என்றாய். ஜீப்பில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாய். உன் கை அவ்வளவு சில்லென்று இருந்தது. குளிர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஓலைக்கு நீ இல்லை. நீ வேலை பார்த்த வார்டிலேயே, மத்தியான வெயில் ஜன்னலில் அடிக்கும்போது, உன் இதயம் நின்றுவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் என்னிடம், "வடகவுஞ்சிக்கு நான் வர முடியலேன்னா நீ வாசி," என்று சொல்லியிருந்தாய். "மைக்குன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். போடி," என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறையில் அத்தனை தாய்மார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றேன். உங்கள் ஆட்களில் ஒரு பெரியவர் வந்து, "நீங்க முன்னால வாங்கம்மா. உங்களச் சொல்லாம அவங்க வாயே தொறக்க மாட்டாங்க," என்று கூட்டிப்போனார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லவில்லை. வாய் வரவில்லை.

வடகவுஞ்சியில் ரேஷன் கடை முன்னால் வாசித்தேன். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது என் சொந்த மூளை. வரிசையை விட்டு யாரும் போகமாட்டார்களே! மைக் கிடையாது. நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. முதல் பக்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாங்க!" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. உன் அதட்டலை நினைத்துக்கொண்டேன். மூச்சை எல்லாம் ஒரு பக்கமாக அனுப்பினேன். வாசித்தேன். முடிவு வரியும் சொன்னேன். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

யாரும் பேசவில்லை. எடை மெஷினில் அரிசி கொட்டும் சத்தம் மட்டும். தாள்களை மடித்துவிட்டேன்.

அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒருத்தி பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெந்நீர்ப் புண்காரப் பிள்ளையின் தாய். பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"தடை இருக்குங்க," என்றாள். "எம் புள்ளைக்கு வெந்நி கொட்டுனப்ப போலீசு வரும்னு பயந்து நர்ஸம்மாவுக்குப் படம் அனுப்பாம இருந்தேன். தொடை வெந்து வெந்து சீழ் வச்சிருச்சு. இன்னைக்கும் நொண்டித்தான் நடக்குது. சட்டம் வாறதுக்கு முந்தியே இப்படி. வந்தா என்ன ஆகும்? இத எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி பேசினாள். பிறகு பேரனை வளர்க்கும் ஒரு தாத்தா. ரேஷன் கடைக்காரர்கூட எடை போடுவதை நிறுத்திவிட்டு வந்து, தன் மகளுக்கு நடந்ததைச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் நான் அழுதேன். மை பட்டது என்று சொல்ல அங்கே மெஷினும் இல்லை. மூன்றாம் ஓலைக்குத்தான் ஆளுக்கு வாய் வரும் என்று சொல்லிவிட்டுப் போனவளே, அதைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே என்றிருந்தது. மறுகணமே, இவர்கள் வாயைத் திறந்துவிட்டுத்தான் போயிருக்கிறாய் என்றும் தோன்றியது.

அவர்கள் சொன்னதையெல்லாம் அவர்கள் சொன்ன மாதிரியே டைப் செய்து தில்லிக்கு அனுப்பினேன். இந்த முறை நான் எதையும் அழிக்கவில்லை. உப்பும் இருந்தது, உறைப்பும் இருந்தது. சட்டம் இன்னும் வந்தபாடும் இல்லை, போனபாடும் இல்லை. மறுபடி திருத்துகிறார்கள் என்கிறார்கள். திருத்தட்டும். நானும் மறுபடி கேட்பேன். விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று கேட்டு இப்போது கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். எது வந்தாலும் கடை வாசலில் ஒட்டிவிட்டு, பேருந்துக்கு நிற்கிறவர்களுக்கு வாசித்தும் காட்டுகிறேன். ஒரு தடவையோடு விடுவதில்லை. இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

மைக்கைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கிற எனக்கு நீ ஒரு குரலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். உயிரோடு இருந்தபோது இதற்கெல்லாம் உனக்கு நன்றி சொன்னால், "காபி ஆறுது, குடி," என்பாய். இப்போது நீ குறுக்கே பேச முடியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். நன்றிடி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு படம் வந்தது. பஞ்சவர்ணம். படங்கள் இப்போது மிஷன் ஆஸ்பத்திரியின் புது நர்ஸுக்குத்தான் போகின்றன, எனக்கு வருவதில்லை. அதனால் கொஞ்சம் பதறித்தான் திறந்தேன். பூண்டுக் காட்டின் வரப்பில் அவள் மகன், ஜட்டி மட்டும் போட்டுக்கொண்டு, காலைக் குளிரில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறான். அடிவயிற்றில் அந்தத் தையல் தழும்பு மெல்லிசாகத் தெரிகிறது. கீழே குரல் செய்தி. "அக்கா, இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல சேக்குறோம். நர்ஸம்மா இருந்தா அவங்களுக்குத்தான் மொதல்ல அனுப்பியிருப்பேன். அதான் ஒங்களுக்கு அனுப்புனேன்."

மெஷினின் மூடியை ஒழுங்காகச் சாத்திவிட்டு, அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்தேன். தெளிவாக வந்தது. கட்டுகளை இறக்கிவிட்டு, உன் ஸ்டூலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன்.